நாலு வரிக் கடவுள்

"பேச்சுல கடவுளைக் கொஞ்சம் சேர்த்துக்கலாமா?" என்றார் வேட்பாளர், டீயில் சர்க்கரை சேர்ப்பதைச் சொல்வது போல.

வசனத்துக்குச் சிரிப்பு வந்தது. மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பதால் கட்சி ஆபீசில் அவருக்கு 'வசனம்' என்றே பெயர்.

"உங்களுக்கு நம்பிக்கை உண்டா தலைவரே?"

"ஜெயிச்சா வந்துடும்ப்பா."

கேட்டதிலும் தப்பில்லை. இதுவரை போட்ட கூட்டமெல்லாம் படுத்துவிட்டது. குடிதண்ணீர், சாக்கடை, பஸ் வசதி என்று வேட்பாளர் தொண்டை கிழியப் பேசினார். ஜனங்கள் செல்போனை நோண்டினார்கள். எதிரணிக்காரர் வாயைத் திறந்தால் ஆண்டவன்தான். அங்கே கைதட்டல் காதைப் பிளந்தது.

வசனம் சாமி கும்பிடாதவர். வீட்டில் மனைவி கண்மூடி நிற்கும்போது பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்பவர். ஆனாலும் தொழில் தொழில்தானே? உட்கார்ந்த வேகத்தில் நாலு வரி எழுதி நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. மண்டபம் நிரம்பியிருந்தது. பேச்சு சாக்கடையைத் தாண்டும் வரைக்கும் ஒரே கொட்டாவி. வேட்பாளர் தாளைத் திருப்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஊருக்காக நான் தினமும் வேண்டிக்கிறது என்ன தெரியுமா? கடவுளே, இது என்னோடது இல்ல, உன்னோடது. கொஞ்ச காலம் என் கையில விட்டு வை. ஒரு கீறல் படாம பார்த்துக்கறேன்."

அடுத்த நொடி கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

பின்னால் ஃபேன் அடியில் நின்றிருந்த வசனத்தின் கண்ணில் மூன்றாவது வரிசை பட்டது. அங்கே அவர் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

அடச்சே, இவளுமா?

"பின்னிட்டீங்க வசனம்! இனி எல்லாக் கூட்டத்துலயும் இதையே போடுங்க" என்று கட்சிச் செயலாளர் கையைக் குலுக்கியதுகூட அவருக்கு ருசிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அடக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"நம்ம வாசல்லயே சாக்கடை நாறுது. அதைப் பத்திப் பேசினப்ப கொட்டாவி விட்டே. கடவுள்னதும் பொலபொலன்னு கொட்டிட்டியே?"

அவள் கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்தாளுக்கு நம்பிக்கை கிடையாது. எழுதின எனக்கும் கிடையாது. ரெண்டு பேரும் சேர்ந்து உங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கோம். இப்பச் சொல்லு, உன் ஓட்டு யாருக்கு?"

"உங்காளுக்கும் இல்ல, எதிரணிக்கும் இல்ல. சுயேச்சையா நிக்கிறாரே ரிட்டயர்டு இன்ஜினியர், அவருக்கு. சாக்கடையை எப்படிச் சரி பண்றதுன்னு வீடு வீடா வந்து சொன்னவர் அவர் ஒருத்தர்தான்."

வசனம் நின்றுவிட்டார். "அப்புறம் எதுக்கு அழுதே?"

"அந்த வரியெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?"

"எடுக்கறதென்ன, தானா வந்தது."

"நம்ம பொண்ணுக்குச் சின்ன வயசுல இதயத்துல ஆபரேஷன் நடந்ததே, அன்னிக்கு வெளியில பெஞ்சுல உட்கார்ந்து நான் வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டிருந்தது அது. ஒரு வார்த்தை மாறல."

ஆஸ்பத்திரி வராந்தாவும், மூடிய கதவும், பக்கத்தில் ஓயாமல் கேட்ட அந்த முணுமுணுப்பும் இப்போதுதான் வசனத்தின் நினைவுக்கு வந்தன. அதைக் கொண்டுபோயா மேடையில் விற்றோம்?

"சத்தியமா தெரிஞ்சு எடுக்கலம்மா. மன்னிச்சுடு. நாளைக்கே அந்த நாலு வரியையும் அடிச்சுடறேன். அவங்க என்னை வேலையைவிட்டு அனுப்பினாலும் சரி."

"அடிச்சுடுங்க. ஆனா நான் அழுதது அதுக்காக இல்ல."

"பின்ன?"

"அன்னிக்குப் பக்கத்துல கண்ணை மூடிச் சாய்ஞ்சிருந்தீங்க. தூங்கறீங்கன்னே நினைச்சுட்டேன். பிள்ளை உள்ளே உயிருக்குப் போராடுது, இந்த மனுஷனுக்கு எப்படித்தான் தூக்கம் வருதோன்னு, இத்தனை வருஷமா உங்களை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்துட்டேங்க."