சுவிட்சுக்குள் சந்தனம்

விக்கிரவாண்டி இட்லிக்கடையில், ஊறிய அரிசியின் மேல் மதிய வெயில் மினுங்குகிறது. நேற்று ஆயுத பூஜை. இன்று பெரிய கிரைண்டரைப் போட்டாலே கடை முழுக்க கரண்ட் போய்விடுகிறது. மாவு ஆட்டாவிட்டால் காலையில் கடை இல்லையே என்று வீரம்மாள் முந்தானையை முறுக்கிக்கொண்டு நிற்கிறாள். எலக்ட்ரீஷியன் பாக்கியசாமி மெயினை அணைத்து, சுவிட்சைக் கழற்றி, டார்ச் அடிக்கிறார். உள்ளே ஈரச் சந்தனம். “ஏம்மா, பொட்டு வெச்சீங்களா, அபிஷேகமே பண்ணிட்டீங்களா?” “வருசம் பூரா ஒழைச்சிக்கினு கெடக்குதேன்னு கொஞ்சம் தாராளமா வெச்சிட்டேண்ணே.” அவர் சிரித்துக்கொண்டே பழைய பிரஷால் தேய்த்து, துணியால் ஒற்றி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டுகிறார். கல் கடகடவென்று சுற்றுகிறது, விளக்கு அணையவில்லை. வீரம்மாள் குங்குமச் சிமிழை எடுக்கிறாள். பாக்கியசாமி பதறித் திரும்புகிறார். அவள் விரல் சுவிட்சைத் தாண்டிப் போய், அவருடைய ஸ்குரூடிரைவர் பிடியில் சின்னதாக ஒரு பொட்டு வைக்கிறது.