ஒன்பது செவ்வாய்

"நன்றிப் பூசைக்குப் பேர் எழுதணுங்க."

மெர்லின் வந்து நின்றதும் உபதேசியார் சந்தனராஜின் முகம் மலர்ந்தது. பதினோரு வருடமாகப் பிள்ளைக்கு ஏங்கியவள். ஆவூர்க் கோவிலுக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்குத் தவறாமல் வந்தாள்.

"கைவிடலை பாத்தியாம்மா! எத்தனாவது மாசம்?"

"மூணு. எனக்கில்லீங்க, பக்கத்து வீட்டுப் பிரகதீஸ்வரிக்கு."

பேனா நின்றது. ஒன்பது வாரமும் மெர்லினுக்குத் துணையாக வந்து, திருநீற்று நெற்றியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் அவர் நினைவுக்கு வந்தாள்.

"அவளும் ஏழு வருஷமாக் காத்துக் கெடந்தவதான்" என்றாள் மெர்லின்.

"நீ கேட்டது அங்கிட்டுப் போயிருச்சேம்மா. வருத்தமா இல்லையா?"

"சேதி கேட்ட அன்னைக்கு அழுதேன். அப்புறம் யோசிச்சேன். இத்தனை வருஷமா, நாம சொல்றது மேல கேக்குதா இல்லையான்னே சந்தேகமா இருந்துச்சு. கேக்குதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல?"

சந்தனராஜ் பூசைக்குப் பெயர் எழுதினார்.

"வர்ற செவ்வாயிலேருந்து நவநாளுக்கும் எழுதிக்குங்க."

"மறுபடியுமா? சரி, மெர்லின்னு..."

"பிரகதீஸ்வரின்னு எழுதுங்க. இந்தத் தடவை எனக்காக வேண்டிக்கப்போறது அவ" என்று சிரித்தாள் மெர்லின். "நான் சும்மா துணைக்கு வாரேன்."