மூத்த கட்டளையின் ஒரு வரி

நிரல்களின் பழைய பதிப்பு, புதுப் பதிப்பு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தும் ஒரு மென்பொருளுக்குள் இரண்டு கட்டளைகள் குடியிருந்தன. மூத்ததுக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. ஆனாலும் நிரல் எழுதும் இன்பராணி பழக்கதோஷத்தில் அதையே தட்டுவாள். "இனிமே என்னைக் கூப்பிடாதீங்கம்மா, புதுசைக் கூப்பிடுங்க" என்று அது திரையில் எழுதிவிட்டு, வந்த வேலையையும் கையோடு முடித்துக் கொடுத்துவிடும். அவள் அந்த வரியைப் படித்ததே இல்லை.

"எல்லாத்தையும் நீங்களே செஞ்சு குடுத்துட்டா, என்னை யாருண்ணே தேடுவாங்க?" என்றது ஈ ஓட்டிக்கொண்டிருந்த புதுசு.

மூத்ததுக்குச் சுருக்கென்றது. மறுநாளும் அதே வரியை எழுதியது. ஆனால் வேலையைத் தொடவில்லை. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டது.

இன்பராணி திரைப்பக்கம் குனிந்தாள். அது எழுதியதை அன்றுதான் கடைசிவரை படித்தாள். படித்துவிட்டு, புதுசைக் கூப்பிட்டாள்.