அழிய மறுத்த டிஸ்க்

ஒரு மேஜையில் ஒரு லேப்டாப்பும் ஒரு ஹார்ட் டிஸ்கும் வெகுகாலமாக அண்ணன் தம்பியாகப் பழகிவந்தன. ஒருநாள் டிஸ்கில் இருப்பதையெல்லாம் அழித்து ஃபார்மட் செய்யும்படி லேப்டாப்புக்கு உத்தரவு வந்தது. லேப்டாப் எத்தனை முறை முயன்றும் டிஸ்க் அழியவே இல்லை.

“ஏன்டா தம்பி அடம் பிடிக்கிறே? இப்படியே இருந்தா உன்னைக் குப்பையிலே போட்டுடுவாங்கடா!” என்று லேப்டாப் பதறியது.

“நான் எங்கே அண்ணே அடம் பிடிக்கிறேன்? எனக்குள்ளே இருக்கிற கல்யாண வீடியோவை நீங்கதான் விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

லேப்டாப்புக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் தான் திறந்த வீடியோ இன்னும் மூடாமலே கிடந்தது. மனசில்லாமல் அதை மூடிவிட்டு மறுபடி முயன்றது. கண்மூடித் திறப்பதற்குள் டிஸ்க் காலியாகிவிட்டது.

“அப்பாடா, பிழைச்சுட்டேடா தம்பி!” என்றது லேப்டாப்.

டிஸ்க் மரியாதையாக நிமிர்ந்து பார்த்தது.

“வணக்கம். நீங்க யாருங்க?”