எட்டு சீட்டு வண்டி

"உங்க எட்டு சீட்டு வண்டி எப்படி ஓடுது சார்?" என்று கேட்டபடி வந்தார் மாடி வீட்டு ராகவேந்திரா.

"அதை ஏன் கேக்கறீங்க!" என்றார் சூர்யநாராயணன். "கிளட்ச் தேய்ஞ்சு போச்சு. ரேடியேட்டர் ஒழுகுது. கியர்பாக்ஸ் சத்தம் வேற. ஔந்த் ஏரியால இருக்கற மெக்கானிக் அறுபதாயிரம் ஆகும்கறான்."

"நல்லவேளை, சொன்னீங்க. என் மச்சினன் புனேக்கு மாத்தலாகி வரான். உங்க வண்டியை வாங்கிக்கலாம்னு இருந்தான். வேற பாக்கச் சொல்லிடறேன்."

அவர் போனதும் பாமா கணவரை முறைத்தாள்.

"போன மாசம்தானே எல்லாத்தையும் புதுசா மாத்தி, விக்கறதுக்கு விளம்பரம் கொடுத்தோம்?"

"ஷீரடி போக இரவல் கேக்க வந்திருக்கார்னு நினைச்சுட்டேன் பாமா!"

சூர்யநாராயணன் மாடிப்படியேறி ஓடினார். அங்கே ராகவேந்திரா செல்போனில் மச்சினனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"வண்டிதான் மோசம். மனுஷர் தங்கம். வாயில பொய்யே வராது!"