பதினெட்டு டைல் தூரம்

“அப்போ சோப்பை மாத்திட்டா எல்லாம் சரியாயிடுமா? நல்ல கதையா இருக்கே அண்ணி.”

நாத்தனார் வாசல் கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். மீதிப் பாதியைத் தன் உடம்பாலேயே அடைத்துக்கொண்டு நின்றாள்.

“சோப்பு, எண்ணெய், செருப்பு எல்லாமே புதுசு. பைகூட வேற. நகரு, இன்னிக்கு எனக்கு எட்டாவது டைல்.”

“இன்னிக்கு வேணாம். போயிட்டு இன்னொரு நாள் வாங்க.”

“இது என் வீடு.”

“யாரு இல்லேன்னா? வீடு உங்களோடதுதான். உள்ள இருக்கிறவன் எங்க அண்ணன்.”

நாத்தனாரைத் தோளால் இடித்துக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தாள்.

புற்றுநோய் வார்டில் மருந்து ஏற்றும் நர்ஸ் அவள். பன்னிரண்டு வருட சர்வீஸ். கட்டிய கணவனே நோயாளியாக வந்து படுத்தபோது, கூட வேலை பார்க்கும் மூன்று பேர் முதலில் ஊசி குத்திப் பார்த்தார்கள். மூன்று இடத்தில் வீங்கியதுதான் மிச்சம். அவன் நரம்பு சிக்கியது அவள் கைக்கு மட்டும்தான்.

ஆறு மாதமும் அவளேதான் குத்தினாள். அவளேதான் அந்தச் சிவப்பு மருந்தை ஏற்றினாள். அவன் வாந்தி எடுக்கும்போது கிண்ணத்தைப் பிடித்ததும் அவள்தான்.

கட்டி கரைந்தது. அவன் பிழைத்தான்.

பிழைத்து வீடு திரும்பிய மறுவாரம், காலையில் காபியைக் கொண்டுபோய் நீட்டினாள். அவள் கையைப் பார்த்ததும் அவனுக்குக் குடலைப் புரட்டியது. முதலில் கையைப் பார்த்தால் மட்டும். பிறகு முகத்தைப் பார்த்தாலே, அவள் சோப்பு வாசனை பட்டாலே. பிறகு மாடிப்படியில் அவள் காலடி கேட்டாலே போதும் என்றாகிவிட்டது.

அவன் மனசுக்கு அவள் மனைவி. அவன் உடம்புக்கு அவள் விஷம்.

பழகியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறக்கடிக்க முடியும் என்றார் மனநல மருத்துவர். வாசலிலிருந்து படுக்கையறைக்குப் பதினெட்டு டைல். அவள் நர்ஸ்கள் விடுதிக்குப் போய்விட வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் வந்து நிற்க வேண்டும். பத்து நிமிடம் அவன் ஓங்கரிக்காமல் இருந்தால் அடுத்த வாரம் ஒரு டைல் முன்னால்.

பதினோரு வாரத்தில் ஏழு டைல்.

எட்டாவதில் கால் வைத்து நிமிர்ந்தாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

“கதவைச் சாத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு? சாத்தின உடனே அவருக்குக் குமட்டல் நிக்குது. அப்போ கதவைச் சாத்துறதுதான் மருந்துன்னு அந்த உடம்பு படிச்சுக்கும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் சாத்தச் சொல்லும்.”

“படிச்சுக்குமா? எங்க அண்ணன் என்ன சர்க்கஸ் நாயா?” நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “ரெண்டரை மாசமா என் வீடு வாசலை விட்டுட்டு இங்க வந்து கிடக்கேன். ராவும் பகலும் வாளி கழுவுறது நானு. நீங்க வாரத்துக்கு ஒரு நாள் வந்து கட்டம் தாண்டி விளையாடிட்டுப் போறீங்க.”

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து மகள் ஓடி வந்தாள். ஐந்து வயது. கையில் பாதி வண்ணம் தீட்டிய யானை.

“அம்மா!”

மூன்று டைல் தள்ளி நின்றுவிட்டாள். கவுனின் நுனியைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அந்த மருந்தில் ஒரு சொட்டுகூடக் குழந்தையின் உடம்பில் ஏறியதில்லை. குழந்தைக்குக் குமட்டவும் இல்லை. பொத்திய துணிக்கு மேலே கண்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தன.

“நீதானே சொல்லிக் குடுத்த?”

“ஐயோ, அந்தப் பழியும் எனக்கா? அப்பன் செய்றதைப் பார்த்துச் செய்யுது. வேணும்னா அதுக்கும் ஒரு டாக்டரைப் பிடிங்க.”

அதற்கப்புறம் அவள் ஒன்பது, பத்து என்று எண்ணவில்லை. மிச்சத்தை ஒரே மூச்சில் தாண்டிப் போய், படுக்கையறைக் கதவை உள்ளங்கையால் அறைந்தாள்.

“திற! உன்னைச் சாக விடாம இழுத்துட்டு வந்தேன் பாரு, எனக்கு இது வேணும். பெத்த பொண்ணே என்னைப் பார்த்து மூக்கைப் பொத்துறா. வாந்திதானே வருது? எடு. என் மேலயே எடு. கதவைத் திற!”

உள்ளே ஓங்கரிக்கும் சத்தம். இன்னொரு முறை. வாளி தரையில் உரசியது.

பிறகு காலடி. தாழ்ப்பாள் அசையவில்லை. கதவின் மறுபக்கம் அவன் முதுகைச் சாய்த்துச் சரிந்து உட்காருவது மரப்பலகையில் தெரிந்தது.

“சொல்லாதண்ணா,” என்றாள் நாத்தனார். இவ்வளவு நேரம் கத்திய குரல் அது இல்லை. “இன்னிக்கு வேணாம்னுதானே அவங்களை உள்ள விடாம நின்னேன்.”

கதவுக்குப் பின்னால் அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான்.

“நேத்து ஸ்கேன் ரிப்போர்ட் வந்துச்சு. திரும்ப வந்திருக்கு. முதல்லேர்ந்து ஏத்தணுமாம்.”

ஓங்கியிருந்த கையை அவள் இறக்கவில்லை.

குழந்தை யானைக்குக் காது வரையத் தரையில் உட்கார்ந்துவிட்டது.

அவன் மறுபடி ஓங்கரித்தான். வாயைத் துடைத்துக்கொண்டுதான் பேசியிருக்க வேண்டும், குரல் துணிக்குள்ளிருந்து வந்தது.

“இந்தத் தடவை நீ போடாத. எவளாவது குத்தட்டும். வீங்கினா வீங்கட்டும். ஆயுசுக்கும் அவளைப் பார்த்து வாந்தி எடுத்துட்டுப் போறேன். நீ எனக்கு வேணும்டி. சரின்னு சொல்லு.”