முதுகில் போட்ட ஊசி

“இந்த வலி எதனால வந்துச்சுன்னு நீங்க நெனைக்கிறீங்க?” பிசியோதெரபிஸ்ட் ரெஜினா எல்லோரிடமும் முதலில் கேட்பது இதைத்தான். நோயாளி நம்பிக்கொண்டிருப்பதை மாற்றினால் பாதி வலி இறங்கிவிடும் என்பது அவள் படிப்பு. “சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்லா, அதுலேருந்துதான்” என்றாள் இசக்கியம்மாள். குனிய முடியாதாம், குடம் தூக்க முடியாதாம், ராத்திரி தனியாகத் தரையில்தான் படுக்க முடியுமாம். ரெஜினா பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றை அவள் மடியில் வைத்து, ஊசி போட்ட இடம் சில நாளிலேயே ஆறிவிடும் என்று பொறுமையாக விளக்கினாள். இசக்கியம்மாள் அந்த எலும்பைக் கைக்குழந்தையின் முதுகைத் தடவுவதுபோலத் தடவினாள். “மெதுவாச் சொல்லுங்கம்மா. வெளிய அவரு இருக்காரு.” வீட்டாருக்கும் புரியவைக்க வேண்டும் என்று படித்திருந்த ரெஜினா, கதவைத் திறந்து அவள் கணவனைக் கூப்பிட்டாள். முதுகில் ஒரு கோளாறும் இல்லை, பயம்தான், எல்லாம் செய்யலாம் என்றாள். அவன் கைகட்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

“அப்ப கட்டில்லயே படுக்கலாம்லா?”

“தாராளமா.”

அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். “கேட்டியாட்டீ?” ஆட்டோ பிடிக்க முன்னால் போய்விட்டான். இசக்கியம்மாள் எலும்பை மேசையில் வைத்தாள். எதையும் பிடிக்காமல், முகம் சுளிக்காமல், நன்றாகக் குனிந்து தரையிலிருந்த தன் பையை எடுத்தாள். ரெஜினாவுக்குப் பெருமையாக இருந்தது. வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“இனி எதனாலன்னு நான் சொல்லுவேம்மா?”